வருகைப் பதிவேட்டில் நின்றுபோன பெயர்

வாசகர் கேள்வி – பதில்

அண்மையில் வந்த கடிதங்களில் நான்கு, மாணவரின் சாவு என்ற ஒரே துயரத்தைப் பற்றிப் பேசுகின்றன. நான்கையும் எழுதியவர்கள் சேலம் வட்டாரக் கல்லூரிகளில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகாதவர்கள். பட்டா மாறுதல், பென்ஷன், பேருந்து நேரம் என்று வழக்கமாக வரும் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த முறை முழு இடத்தையும் இவர்களுக்கே ஒதுக்குகிறேன். எழுதியவர்களின் பெயர்களையும் கல்லூரிகளையும் நீக்கியிருக்கிறேன். சேலத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் வகுப்பெடுத்தவன், அதில் ஆறு ஆண்டுகள் விடுதிக் காப்பாளராக இருந்தவன் என்ற அளவில்தான் பதில் சொல்கிறேன். மனநல மருத்துவம் படித்தவன் அல்லன்.

கேள்வி: ஐயா, நான் ஜூன் மாதம்தான் உதவிப் பேராசிரியையாகச் சேர்ந்தேன். செப்டம்பரில் ஒரு ஞாயிறு மாலை, ஏற்காடு மலைப்பாதையில் நடந்த பைக் விபத்தில் என் இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் இறந்துவிட்டான். திங்கள் காலை வாட்ஸ்அப்பில்தான் எனக்குத் தெரியும். ஒன்பதரைக்கு வகுப்பு. பழக்க வேகத்தில் வருகைப் பதிவு எடுத்தபோது அவன் பெயரையும் படித்துவிட்டேன். யாரும் பேசவில்லை. நான் அழுதுகொண்டே வெளியே வந்துவிட்டேன். இப்போது அந்த வகுப்புக்குள் போகவே கூசுகிறது. அன்று என்ன செய்திருக்க வேண்டும், இனி என்ன செய்ய வேண்டும்? — அஸ்தம்பட்டி வாசகி

பதில்: பெயரைப் படித்தது உங்கள் பிழை அன்று, அம்மா. வருகைப் பதிவு வாய்ப்பாடு மாதிரி. நாக்கு அதன் பாட்டுக்கு ஓடிவிடும். அழுதுகொண்டு வெளியே வந்ததிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் பாடத்தைத் தொடங்கியிருப்பீர்கள் என்றும், அதுதான் உங்களை உறுத்துகிறது என்றும் நினைக்கிறேன். அடுத்த வகுப்பில் புத்தகத்தைத் திறக்கும் முன், "அன்றைக்கு அவன் பெயரைப் படித்துவிட்டேன், தாங்க முடியாமல் உங்களைத் தனியே விட்டுவிட்டுப் போய்விட்டேன், அதற்காக வருந்துகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். நீளமாகப் பேச வேண்டாம். அவர்களில் சிலர் அப்போதுதான் வாய் திறப்பார்கள். திறக்காவிட்டாலும் பரவாயில்லை, பாடத்துக்குப் போகலாம்.

அன்று என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முப்பது ஆண்டு வேலையில் இது மறுபடி வராது என்று உங்களுக்கு யாரும் உறுதி தர முடியாது என்பதால் விரிவாகவே சொல்கிறேன். செய்தியை முதலில் துறைத் தலைவரிடமோ குடும்பத்தாரிடமோ உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். சிகிச்சையில் இருந்தவருக்கு வாட்ஸ்அப்பில் இரங்கல் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். உறுதியானதும் வகுப்புக்குப் போய், எல்லோரையும் உட்காரச் சொல்லி, "உங்கள் வகுப்பு நண்பன் நேற்று மாலை விபத்தில் இறந்துவிட்டான்" என்று நேராகச் சொல்லிவிட வேண்டும். 'நம்மை விட்டுப் பிரிந்தான்', 'இறைவனடி சேர்ந்தான்' என்பவையெல்லாம் சுவரொட்டிக்குச் சரி. இருபது வயதுக்காரர்களுக்கு முதல் வாக்கியத்திலேயே 'இறந்துவிட்டான்' என்ற சொல் தேவைப்படுகிறது, சுற்றி வளைத்து நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "எந்த ஆஸ்பத்திரியில இருக்கான் சார்?" என்று எழுந்து கேட்ட ஒரு மாணவியின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அடுத்து, அடக்கம் எங்கே, எப்போது, போவதற்கு என்ன ஏற்பாடு என்பதைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

கல்லூரிக்கு உடனே விடுமுறை விட்டு எல்லோரையும் அனுப்பிவிடுவது மரியாதை என்று பல நிர்வாகங்கள் கருதுகின்றன. எனக்கு அதில் உடன்பாடு குறைவு. மேச்சேரியிலிருந்தும் அரூரிலிருந்தும் வந்து ஐந்து ரோடு பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளை, பகல் பதினொரு மணிக்குப் பூட்டிய அறைக்குத் திரும்பிப் போய் என்ன செய்வான்? வகுப்பறையைத் திறந்து வையுங்கள். பாடம் நடத்த வேண்டியதில்லை. நீங்கள் அங்கே உட்கார்ந்திருந்தால் போதும். சிலர் பாடம் எடுக்கச் சொல்வார்கள், அவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

வருகைப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க அலுவலக ஆணை வர வேண்டும். அது வரச் சில நாட்கள் ஆகும். அதுவரை, வகுப்புக்குள் நுழையும் முன்பே அந்த வரியில் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டு வைத்துக்கொண்டால் நாக்கு தப்பாது. ஆணை வந்த பிறகும் மற்றவர்களின் வரிசை எண்ணை ஒவ்வொன்றாக மேலே தள்ளாதீர்கள். அந்தப் பருவம் முடியும்வரை அந்த எண் காலியாகவே இருக்கட்டும்.

துக்கம் விசாரிக்கப் போனீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போகாவிட்டால் இப்போதாவது போய் வாருங்கள், தனியாகப் போக வேண்டாம். 1989இல், நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், என் இயற்பியல் மாணவன் ஒருவன் மஞ்சள் காமாலையில் இறந்தான். வாழப்பாடியிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஊர். துறையில் மூத்தவர் ஒருவர் என்னை அழைத்துக்கொண்டு போனார். திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவனுடைய அப்பா ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது அம்மா உள்ளே போய், பழுப்புத்தாள் அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டை எடுத்துவந்து, "சார், கடைசி மூணுல மட்டும் நீங்க கையெழுத்துப் போடலைங்களே" என்று என்னிடம் நீட்டினார். என் சட்டைப்பையில் பேனா இல்லை. மூத்தவர் ஒன்றும் சொல்லாமல் தன் பேனாவைத் திறந்து கொடுத்தார். மூன்று சோதனைகளையும் வரி விடாமல் படித்து, ஒரு கணக்கில் இருந்த தசமப்புள்ளிப் பிழையைத் திருத்தாமல் விட்டு, கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன். திரும்பும் பேருந்தில் மூத்தவர் பேசியது ஒரே வாக்கியம்: "நாளைக்கு உன் முதல் ரெண்டு பீரியடை நான் எடுத்துக்கறேன், நீ பத்தரைக்கு மேல வா." உங்களுக்கும் அப்படி ஒரு மூத்தவர் துறையில் இருப்பார். அவர் தானாக வராவிட்டால் நீங்கள் போய்க் கேளுங்கள். புதிதாய் வந்தவர் கேட்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அடக்கமோ காரியமோ மலைமேல் என்றால், மாணவர்களைப் பைக்கில் போக விடாதீர்கள். அடிவாரத்திலிருந்து ஏற்காடுவரை 20 கொண்டை ஊசி வளைவுகள். நண்பனை அடக்கம் செய்துவிட்டு, சாப்பிடாமல், அழுது களைத்து, பனியும் இருட்டும் கூடும் நேரத்தில் மூன்று மூன்று பேராக இறங்கிவரும் பையன்களை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. கல்லூரிப் பேருந்தைக் கேட்டு வாங்குங்கள், ஆசிரியர் ஒருவர் உடன் போகட்டும், வெளிச்சம் இருக்கும்போதே கீழே இறங்கிவிடட்டும். இதற்குப் புதிய ஆசிரியை என்ற தயக்கமே வேண்டாம். முதல்வர் அறைக்கே போய்க் கேட்கலாம்.

உங்கள் துக்கத்தைப் பற்றி யாராவது ஐந்து படிநிலைகள் என்று வரிசைப்படுத்திச் சொல்லியிருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பார்த்து. ஆசிரியை எந்த வாரம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான கால அட்டவணை அல்ல அது. நம் புறப்பாடல்களில் இறந்தவரை எண்ணி இரங்கும் துறைக்குக் கையறுநிலை என்று பெயர். செய்வதற்கு எதுவும் கையில் இல்லாத நிலை. அது உங்களுக்கும் வரும், போகும், மறுபடி வரும். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுக் கிடந்தாலோ, அந்தக் கட்டடத்துக்குள் நுழையும்போதெல்லாம் நெஞ்சு படபடத்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: விடுதியில் துணைக் காப்பாளராக எட்டு மாதங்களாக இருக்கிறேன். எங்கள் விடுதி மாணவர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். 'உடல்நலக் குறைவு' என்று சொன்னால் போதும் என்று மேலிடத்தில் சொல்கிறார்கள். மாணவர்களுக்கோ எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் என்ன சொல்வது? இன்னொருவர் அப்படிச் செய்துவிடுவாரோ என்ற பயத்தில் இரவில் நான் தூங்குவதே இல்லை. — அடிவாரம் வாசகர்

பதில்: உங்கள் பயம் நியாயமானது, ஒரு தற்கொலைக்குப் பின் அதே வட்டத்தில் இன்னொன்று நிகழும் ஆபத்து கூடுகிறது என்பது உலகெங்கும் அறியப்பட்ட உண்மை. ஆனால் அதற்காக நீங்கள் ஒருவர் மட்டும் விழித்திருப்பதில் பயனில்லை. ஆசிரியர்கள், காப்பாளர்கள், விடுதி ஊழியர்கள் என்று முறை போட்டு இரண்டு வாரங்களுக்கு இரவுப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளுங்கள். நீங்கள் முதல் வேலையாக இரண்டு நாட்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வாருங்கள்.

என்ன சொல்வது என்பதைப் பெற்றோரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அவர்கள் சம்மதித்தால் தற்கொலை என்ற சொல்லை அமைதியாகச் சொல்லலாம். அவர்கள் விரும்பாவிட்டால், "குடும்பத்தார் விவரங்களைப் பகிர விரும்பவில்லை, அதை மதிப்போம்" என்று சொல்லுங்கள். பொய்க் காரணம் மட்டும் சொல்லாதீர்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை மறைக்கும் காப்பாளரிடம் நாளை எந்த மாணவனும் தன் மனதில் இருப்பதைச் சொல்ல வரமாட்டான். உண்மையைச் சொல்லும்போதும் முறை, இடம், கடிதம் இவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம். 'அரியர் இருந்தது', 'காதல் தோல்வி' என்று ஒரே காரணத்தில் அடைத்துவிடவும் வேண்டாம். பல துன்பங்கள் ஒன்றாகச் சேரும் இடத்தில்தான் இது நிகழ்கிறது, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உதவி கிடைக்கும் என்பதே சரியான செய்தி. விடுதி வாசலில் ஆளுயர 'கண்ணீர் அஞ்சலி' ஃபிளெக்ஸ் வைக்க மாணவர்கள் அனுமதி கேட்பார்கள். துக்கத்தில் கேட்கிறார்கள், அதட்டாதீர்கள். ஆனால் அந்தப் படத்தைக் கடந்துதான் ஒவ்வொரு நாளும் சாப்பிடப் போக வேண்டும் என்ற நிலை, ஏற்கெனவே தத்தளிப்பவனுக்கு நல்லதல்ல. அவன் பெயரில் நூலகத்துக்குப் புத்தகம் வாங்குவது, இரத்த தானம் என்று அவர்களின் கையை வேறு வேலைக்குத் திருப்புங்கள்.

அறைத் தோழர்களை அதே அறையில் படுக்கவைக்காதீர்கள். அவர்களைப் பிரிக்காமல் ஒன்றாகவே வேறோர் அறைக்கு மாற்றுங்கள். இயற்கைக்கு மாறான மரணம் என்பதால் காவல் துறை விசாரணை நடக்கும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவு. அறையை அவர்கள் பார்க்கும்வரை எதையும் தொடாமல் பூட்டி வையுங்கள். உங்களையும் மாணவர்களையும் கேட்பார்கள். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், மாணவரை விசாரிக்கும்போது ஆசிரியர் ஒருவர் உடனிருக்க அனுமதி கேளுங்கள்.

யாரைக் கவனிப்பது? நெருங்கிய நண்பர்களை எல்லோரும் கவனித்துக்கொள்வார்கள். கடைசியாக அவனிடம் சண்டை போட்டவன், அவனுடைய போனை எடுக்காமல் விட்டவன், அண்மையில் வீட்டில் ஒரு சாவைப் பார்த்தவன், முன்பே ஒருமுறை முயன்றவன், அவனோடு பழக்கமே இல்லாவிட்டாலும் 'அவனுக்கும் எனக்கும் ஒரே பிரச்சினை' என்று எண்ணிக்கொள்பவன், இவர்கள்தான் கண்ணில் படாமல் போகிறவர்கள். சந்தேகம் வந்தால் தனியே அழைத்து, "தற்கொலை எண்ணம் வருகிறதா?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பலருக்கு யாரோ கேட்டுவிட்டார்களே என்ற ஆறுதல்தான் வரும். 'வருகிறது' என்றால் அவனைத் தனியே விடாமல், அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ பக்கத்து மனநல மருத்துவரிடமோ அன்றே கூட்டிப் போங்கள். எந்த நேரமும் பேசுவதற்கு 14416 என்ற எண் இருக்கிறது. தமிழ்நாட்டில் 104இலும் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. இந்த எண்களைத் தற்கொலைச் செய்திக்குப் பக்கத்தில் ஒட்டாமல், குளியலறை வரிசையிலும் மெஸ் வாசலிலும் ஆண்டு முழுவதும் இருக்கும்படி ஒட்டுங்கள்.

முயன்று பிழைத்தவனை 'போலீஸ் கேஸ் ஆகிவிடும்' என்று பயந்து மருத்துவமனைக்குக் கொண்டு போகாமல் இருக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு, அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கச் செய்யும் முயற்சி தவிர்த்து, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை.

மேலிடத்திடம் பேச உங்களுக்கு ஒரு பிடி வேண்டுமென்றால்: தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு 15 வழிகாட்டு நெறிகளைக் கொடுத்திருக்கிறது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், ஆசிரியர்களுக்கும் ஆசிரியரல்லாத ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும் என்பவை அவற்றில் உண்டு. அதைக் காட்டிக் கேளுங்கள். எட்டு மாத அனுபவமுள்ள துணைக் காப்பாளரின் தலையில் ஒரு விடுதியின் உயிர்களைக் கட்டிவிடுவது எந்த நெறியிலும் இல்லை.

கேள்வி: கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். தொடர்ந்து வராத ஒரு மாணவியை, எல்லோர் முன்னும் 'நடிக்காதே' என்று திட்டினேன். மூன்று வாரங்களில் நோயால் இறந்துவிட்டாள். அவள் உடல்நிலை யாருக்கும் தெரியாது. அவளுடைய அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்கலாமா? — தாரமங்கலம் வாசகர்

பதில்: வேண்டாம். இப்போதைக்கு நிச்சயமாக வேண்டாம். மகள் உங்களிடம் பட்ட அவமானம் அந்த அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்கள் மனச்சுமையை இறக்கிவைக்க அவருடைய மடியைத் தேடிப் போகிறீர்கள். அவராகக் கேட்டால் மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள்.

நீங்கள் திட்டியதால் அந்த நோய் வரவில்லை, கூடவும் இல்லை. அதற்காக அந்தச் சொல் சரி என்றும் நான் சொல்ல மாட்டேன். அது தவறான சொல்தான். அவள் உயிரோடு இருந்திருந்தாலும் தவறுதான். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் தனித்தனியே வைத்துப் பார்க்க முடிந்தால் மூச்சு விட இடம் கிடைக்கும். வகுப்பில் அதைக் கேட்டிருந்த மாணவர்களிடம், "அன்று நான் சொன்னது தவறு" என்று ஒருமுறை சொல்லிவிடலாம், சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன். அவளுடைய தோழிகள் அந்தச் சொல்லை இன்னும் மனதில் வைத்திருப்பார்கள்.

இனி, வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும் பிள்ளையை வகுப்பில் கேட்காமல் வராந்தாவில் கேளுங்கள். மருத்துவச் சான்றிதழ் கொடுத்து, கட்டணம் கட்டி, வருகைக் குறைவை மன்னிக்கக் கேட்க வழி இருப்பதே பல முதல் தலைமுறை மாணவிகளுக்குத் தெரியாது. ஒப்பந்த ஊதியத்தில் இருக்கும் உங்களைப் போன்றவர்கள், அழுதால் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிடுவார்களோ என்று அஞ்சி யாரிடமும் பேசுவதில்லை என்பதையும் அறிவேன். கல்லூரிக்கு வெளியே, உங்களோடு படித்த ஒருவரிடமாவது நீங்கள் சொன்ன சொல்லைச் சொன்னபடியே சொல்லுங்கள்.

கேள்வி: கல்லூரி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. இறந்த மாணவனின் அம்மா சான்றிதழ்கள் வாங்க அடுத்த வாரம் வரப்போகிறார். ஆசிரியர்களுக்குத்தான் எல்லோரும் ஆலோசனை சொல்கிறார்கள். கவுன்டரில் உட்காரும் நான் என்ன செய்ய வேண்டும்? — கொண்டலாம்பட்டி வாசகர்

பதில்: நான்கு கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையது. அவர் வருவதற்கு முன்பே செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. முதலில், மாணவன் வராவிட்டால் பெற்றோரின் செல்போனுக்குத் தானாகப் போகும் குறுஞ்செய்தியை நிறுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். 'தங்கள் மகன் இன்று கல்லூரிக்கு வரவில்லை' என்ற செய்தி அடக்கத்துக்கு மறுநாள் ஓர் அப்பாவுக்குப் போனது எனக்குத் தெரியும். அது போலவே கட்டண நினைவூட்டல், நூலகத் தாமதக் கட்டணம், விடுதி மெஸ் பாக்கி, தேர்வுக் கட்டண அறிவிப்பு. ஒவ்வொன்றும் வெவ்வேறு மேசையில் இருக்கும். நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொண்டு மேசை மேசையாகப் போய் முடித்துவிடுங்கள். திருப்பித் தராத நூலகப் புத்தகத்தை அந்த அம்மாவிடம் கேட்க வேண்டாம் என்று முதல்வரிடம் ஒரு குறிப்பு வாங்கிவிடலாம்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், திருப்பித் தர வேண்டிய காஷன் டெபாசிட் எல்லாவற்றையும் ஒரே உறையில் தயாராக வையுங்கள். 'நாளைக்கு வாங்க' என்ற வார்த்தையை அவர் காதில் போடாதீர்கள். காப்பீடோ கல்விக் கடனோ இருந்தால் இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். இறப்பு எங்கே நிகழ்ந்ததோ அந்த இடத்தின் பதிவாளரிடம்தான் அது பதிவாகும்; சேலத்து மருத்துவமனையில் இறந்திருந்தால் சொந்த ஊரில் போய் அலைந்து பயனில்லை. 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். இதைத் தமிழில், பெரிய எழுத்தில், ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அன்று நீங்கள் வாயால் சொல்வது எதுவும் அவர் மனதில் நிற்காது.

அவரைக் கவுன்டரில் நிற்கவைக்காமல் உள்ளே அழைத்து நாற்காலி போடுங்கள். அவன் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். 'பையன்', 'அந்த ஸ்டூடண்ட்' என்று சொல்வதைவிட அது அவருக்கு நன்றாக இருக்கும். இன்னொரு வேலை இருக்கிறது, அதை முந்தைய நாளே செய்துவிடுங்கள். காஷன் டெபாசிட் ரசீதின் அடியில் 'மாணவர் கையொப்பம்' என்று அச்சிட்டிருக்கும். அவர் கையில் கொடுத்த பிறகு அதை அடிக்காதீர்கள். முன்பே ஸ்கேல் வைத்து 'மாணவர்' என்பதை மெல்லிய கோடாக அடித்து, பக்கத்தில் 'தாயார்' என்று எழுதி, உங்கள் சுருக்கொப்பமும் போட்டு, அதற்குப் பிறகு நீட்டுங்கள்.